ஆயிரம் படிக்குக் கீழே ஆகாய கங்கை

நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் மொட்டை மாடியில் ஏறி நின்றால், தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். துணி உலர்த்தப் போகிறவர்களும் வடாம் காயப் போடுகிறவர்களும் தினந்தோறும் அதைப் பார்க்கிறார்கள். ஊருக்கு வந்த விருந்தாளிக்கு, "அதோ, கொல்லிமலை!" என்று விரலை நீட்டிக் காட்டவும் செய்கிறார்கள். ஆனால், "போயிருக்கிறீர்களோ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் போச்சு. பேச்சு சட்டென்று ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ தாவிவிடும்!

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். முப்பது வருஷமாக ராசிபுரத்தில் குடியிருந்துகொண்டு அந்த மலையை எட்ட இருந்தே பார்த்துத் திருப்திப்பட்டவன். சென்ற ஆண்டு புரட்டாசியில், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனன் மகன்தான் என்னைக் கிளப்பினான். வயது பத்தொன்பது, காலேஜில் நீச்சல் போட்டிகளில் பரிசு வாங்குகிறவன்.

"மாமா, முந்நூறு அடி அருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் வாளியில் மொண்டு குளிக்கிறீர்களே!" என்றான்.

என் சகதர்மிணி உடனே அண்ணன் மகன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். "குழந்தை கேட்கிறான், போய்த்தான் வருவோமே" என்றாள். பிறகு என் முழங்காலை யார் கேட்கப் போகிறார்கள்?

நேயர்களே, நீங்களும் என்றாவது ஒரு நாள் கிளம்பத்தான் போகிறீர்கள். நான் பட்டதையும் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு விஷயமாவது உங்களுக்குக் கட்டாயம் உதவும். அந்த ஒரு விஷயம் அன்றைக்கு எங்களில் ஒருவர் உயிரைக் காத்தது என்றால் மிகையில்லை.

எழுபது வளைவுகள்

ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் மலையடிவாரத்தில் காரவள்ளி என்னும் ஊர் வருகிறது. நாமக்கல்லிலிருந்து வருகிறவர்களுக்குச் சேந்தமங்கலம் வழி. எந்த வழியில் வந்தாலும் காரவள்ளியில்தான் பரீட்சை ஆரம்பம். அங்கிருந்து மேலே போகும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை தெரியுமோ? எழுபது!

ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கிறது. முதல் பத்து வரையில் பஸ்ஸில் எல்லோரும் உற்சாகமாகச் சேர்ந்து எண்ணினார்கள். இருபதில் பாதிப் பேர் மௌனமானார்கள். முப்பதில் என் மனைவி கைப்பையைத் திறந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். நாற்பதில் அது என் மூக்குக்கு வந்தது. டிரைவரோ ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவதும், பக்கத்திலிருந்தவரிடம் மகள் கல்யாண விஷயம் பேசுவதுமாக, தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

ஐம்பதைத் தாண்டியதும் காற்று மாறியது. அடிவாரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பின் ஸீட்டிலிருந்து குரல் வந்தது. சாலையோரத்தில் உயரமான சில்வர் ஓக் மரங்கள்; ஒவ்வொன்றின் மேலும் மிளகுக் கொடி மடிசார் கட்டிவிட்டது போலச் சுற்றிப் படர்ந்திருந்தது. கீழே காப்பிச் செடி, நடுநடுவே வாழை. எழுபதாவது வளைவு முடிந்து சோளக்காட்டில் பஸ் நின்றதும், அன்னாசியும் பலாவும் மலை வாழையும் மணக்கிற சந்தை. தலைசுற்றலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஓரி ஆண்ட மலை

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரை உயரம். ஆனால், ஊசி மாதிரி உச்சியுள்ள மலையல்ல. மேலே போனதும் மேடும் பள்ளமும் வயலும் ஓடையுமாக ஒரு தனி நாடே விரிந்து கிடக்கிறது. ஊர்களின் பெயர்களும் அப்படியே: வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று எல்லாம் நாடுதான்!

இந்த நாடுகளுக்கெல்லாம் சங்க காலத்தில் தலைவனாக இருந்தவன் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட அம்பு ஒன்று யானையைக் கொன்று, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, காட்டுப் பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் போய்த் தைத்து நின்றதாம். புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் பாடி வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட வில்லாளியையும் போரில் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் மலையமான் திருமுடிக்காரி. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அவன் பெயரில் அரசு விழாவும் நடக்கிறது. அந்த நாட்களில் மலை முழுவதும் ஜனத்திரள்தான்.

இங்கே வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். உடனே கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளிகள். பேசுவது நம்முடைய தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் புறப்பட்டு வந்து இந்தப் பக்கத்து மலைகளில் குடியேறினார்கள் என்றும், அவர்கள் வழி வந்தவர்களே தாங்கள் என்றும் கதை சொல்லுகிறார்கள்.

சாமைச் சோறும் ஒரு பெருமூச்சும்

காலையில் வந்து மாலையில் இறங்கிவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். நாங்கள் செம்மேட்டில் ஒரு சிறு விடுதியில் ராத்தங்கினோம். என் மைத்துனன் மகனுக்கு அது பிடிக்கவில்லை. அருவிக்கரையில் கூடாரம் அடித்து நெருப்பு மூட்டிப் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

"டேய் தம்பி, காடு நம் வீட்டுக் கொல்லைப்புறம் இல்லை" என்றேன். 2018 மார்ச்சில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் மாண்டதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பதும் தங்குவதும் குற்றம். அது நம் உயிரை உத்தேசித்துப் போட்ட சட்டம். கூடாரத்தில்தான் படுப்பேன் என்று பிடிவாதம் உள்ளவர்கள், தனியார் தோட்டத்தில் அனுமதியோடு இடம் பிடித்துக்கொள்ளலாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் வீட்டில் சொல்லி வைத்திருந்தோம். அறுபது வயதிருக்கும். சாமைச் சோறும் கீரைக் குழம்பும் பரிமாறினார். அரிசிச் சோற்றைப் போலக் குழையாமல், பொலபொலவென்று, தொண்டையில் இதமாக இறங்கியது. நான் இரண்டாம் முறை கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதை இப்ப யாரு சாமி திங்கறாங்க? எங்க பிள்ளைங்களே அரிசிச் சோறுதான் கேக்குதுங்க" என்றார்.

"அப்படியானால் சாமை விதைப்பது குறைந்துவிட்டதா?"

"எங்க ஆத்தா காலத்துல சாமை, தினை, ராகி, பனிவரகு எல்லாம் விளைஞ்சுது. அதைக் குத்திக் கொழிச்சுச் சோறாக்கறதுக்குள்ள பொம்பளைங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சு போகும். மரவள்ளி வந்துச்சு. புடுங்கினா லாரிக்காரன் வாசல்ல வந்து காசு கொடுத்துட்டுப் போறான். யாரு சாமையை வெதைப்பாங்க?" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த லாரி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கீழே எங்கள் சமவெளிக்குத்தான். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் ஏராளம். நம் வீட்டுப் பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கிறதே, அதன் ஒரு பங்கு இந்த மலைச் சரிவில் விளைந்ததாக இருக்கலாம்.

சாமையைக் காப்பாற்றவும் ஆள் இல்லாமல் இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலைப் பெண்களோடு சேர்ந்து சிறுதானிய விதைகளைக் காக்கவும், குத்துவதற்கு இயந்திரம் வைக்கவும் பாடுபட்டிருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. "உலகமே கொண்டாடிச்சாமே! எங்க ஊட்டுப் பையனுக்கு மட்டும் தெரியலை" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

இந்தச் சாமைப் பேச்சுக்கும் அருவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அன்றிரவு அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்துத் தூங்கிவிட்டேன்.

கீழே இறங்கும் மலை

மறுநாள் காலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். பழமையான சிவாலயம். பக்கத்து ஓடையில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை, பொரிதான் போடுகிறார்கள். ஒரு காலத்தில் யாரோ பிடித்து அறுத்த மீன், ஈசன் அருளால் மறுபடி உடல் பொருந்தி நீந்தியதாம். அதனால் இங்கே மீனும் சாமிதான். என் மனைவி பொரி வாங்கிப் போட்டாள். அவை பாய்ந்து வந்து கவ்வியதைப் பார்த்து அவளும் குழந்தையாகிவிட்டாள்.

கோயிலுக்கு அருகிலேயே ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆரம்பமாகின்றன. ஆயிரத்துக்கு மேல் படிகள்! பழனிமலைக்குக் கூட 693 படிகள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். பழனியிலாவது முதலில் ஏறிவிடுகிறோம்; திரும்பும்போது சுகமாக இறங்கலாம். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் சுகம், பிறகு சிரமம். கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவன் கதை மாதிரி, இறங்கும் ஒவ்வொரு படியும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய படி.

இந்தக் கணக்கு எனக்கு இருநூறாவது படியில்தான் உறைத்தது. எதிரே ஏறி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை படி சார்?" என்று கேட்டார். மேலே போகிறவர் கீழே வருகிறவனைக் கேட்கிறார்! "கொஞ்சம்தான்" என்று புண்ணியத்துக்கு ஒரு பொய் சொன்னேன்.

படி செங்குத்தாக இருக்கிறது. சில இடங்களில் பாசி வழுக்குகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, மரங்களைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். குரங்குகள் எங்கள் பையைப் பரிசோதனை செய்யத் தயாராக இருந்தன. நடுவழியில் சுக்குக் காப்பி விற்ற ஒரு பெரியவர், என் மனைவி முழங்காலைத் தடவுவதைப் பார்த்து, "அம்மா, முடியலைன்னா இங்கியே உக்காந்துக்குங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. மாசிலா அருவிக்கு அவ்வளவு எறக்கம் இல்லை, அங்க போயி நல்லாக் குளிங்க" என்றார். அந்தப் புத்திமதி எவ்வளவு நல்லது! ஆனால் என் மனைவி, "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து இறங்கினாள்.

முதலில் சத்தம் கேட்டது, தூரத்தில் ரயில் போவது போல. பிறகு முகத்தில் ஈரம். ஒரு திருப்பம் திரும்பியதும், அடேயப்பா!

நாலா பக்கமும் பாறைச் சுவர். நடுவே வானத்திலிருந்து நேராக ஒரு வெள்ளைத் திரை தொங்குகிறது. உயரம் சுமார் 300 அடி என்கிறார்கள். தண்ணீர் விழுகிறது என்பதைவிட உடைகிறது என்பதுதான் சரி. வழியில் பாறையில் மோதிப் பொடிப்பொடியாகி, பாதி புகையாகப் பறக்கிறது. வெயில் பட்ட இடத்தில் வானவில் ஒன்று தரையில் கால் ஊன்றி நிற்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவேண்டுமானால் காதோடு காதாகக் கத்த வேண்டும். "ஆகாய கங்கை" என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு என் நமஸ்காரம்.

இது ஐயாற்றின் அருவி. மலைமேலுள்ள நாடுகளின் ஓடைகள் பல சேர்ந்து ஐயாறாகி, இங்கே குதித்து, காட்டுக்குள் இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் தலைகாட்டி, காவிரியை நாடி ஓடுகிறது.

விசில் ஊதியபோது

குளித்தோம். நேர் விழுச்சியின் அடியில் நிற்கக்கூடாது. அந்த உயரத்திலிருந்து ஒரு கூழாங்கல் வந்தாலும் மண்டை தாங்காது. ஓரமாகத் தெறிக்கிற தண்ணீரே முதுகில் நூறு பேர் ஒன்றாகத் தட்டுவது போல விழுந்தது. என் முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நீச்சல் வீரன் மட்டும் எங்களோடு நிற்கவில்லை. ஓடையின் நடுவே ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஏறிச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு போனைக் கண்ணாடிப் பையில் போட்டு அந்தப் பாறை இடுக்கிலேயே வைத்துவிட்டு, பக்கத்து மடுவில் இறங்கித் திளைத்தான்.

அரை மணி ஆகியிருக்கும். காவலுக்கு நின்றிருந்த ஆள் திடீரென்று விசில் ஊதினார், கையை வீசினார். "எல்லாம் ஏறுங்க! கரைக்கு வாங்க! உடனே!"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வானம் துடைத்து வைத்தது போல நீலமாக இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. பலருக்குக் கோபம் வந்தது. "இப்பத்தானே வந்தோம்!" என்றார் ஒருவர். "டிக்கெட் வாங்கியிருக்கோம்!" என்றார் இன்னொருவர்.

என் மைத்துனன் மகன் நிதானமாகக் கரையேறினான். "என்ன சார், வெயில் பளிச்சுனு அடிக்கிறதே, எதற்கு விரட்டுகிறீர்கள்?" என்று கேட்டான்.

காவலர் அருவியின் தலையைக் காட்டினார். "அங்கே பாரு தம்பி, நெறம் மாறுது பாரு. உன் தலைக்கு மேல தெரியறது வானத்துல ஒரு துண்டுதான். மழை பெய்யறது மேல நாட்டுல. அது இங்க வந்து சேர நேரமாகும். வந்துட்டா நேரம் கொடுக்காது."

உற்றுப் பார்த்தேன். பால் போலிருந்த திரையின் ஓரத்தில் டீத்தண்ணீரின் சாயல். கூடவே சருகும் சுள்ளியும் விழத் தொடங்கின. சத்தமும் மாறியிருந்தது. முன்னே இரைச்சலாக இருந்தது, இப்போது உறுமலாக இருந்தது.

"ஐயோ, என் போன்!" என்றான் பிள்ளை. சட்டென்று திரும்பித் தண்ணீரில் கால் வைத்தான். பாறை இருபது அடி தூரம்தான்; அவனுக்கு நாலு வீச்சு. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறினான். "விடுங்க மாமா, ரெண்டே நிமிஷம்!" என்றான்.

என் வாழ்நாளில் நான் அவனை அதட்டியதில்லை. அன்றைக்கு, "நகர்ந்தால் அறைந்துவிடுவேன்!" என்று கத்தினேன். அவன் அத்தை மறு கையைப் பிடித்துக்கொண்டாள். காவலரும் ஓடி வந்தார். மூன்று பேருமாக அவனைப் படிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

பத்தாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தோம். அருவி செந்நிறமாக மாறியிருந்தது. ஓடை பொங்கி, நாங்கள் துணி வைத்திருந்த இடம் வரையில் வந்துவிட்டது. அந்தப் பெரிய பாறையைக் காணோம். அது இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் மேடு தட்டி ஓடியது; அவ்வளவுதான். பிள்ளையின் முகம் வெளுத்துப் போயிற்று. என் கையை அவன் விடவே இல்லை.

காவலர் எங்கள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீச்சல் தெரிஞ்சவங்களுக்குத்தான் தம்பி நான் ரொம்பப் பயப்படுவேன்" என்றார்.

சிவந்த தண்ணீர் சொன்னது

அன்று ஆயிரம் படி ஏறினோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஏறும் வழியெல்லாம் அந்தச் சிவப்பு நிறம் என் கண்ணை விட்டு நீங்கவில்லை. அது என்ன? மண். மேல் நாட்டு வயலின் மேல் மண்.

காடு இருக்கிற சரிவில் பெய்யும் மழையை இலையும் சருகும் வேரும் தடுத்துத் தடுத்து, பூமிக்குள் இறக்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு அனுப்பும். அதனால்தான் மழை நின்று பல நாட்கள் ஆன பிறகும் அருவி விழுகிறது. சரிவில் மரவள்ளி பயிரிட்டால், கிழங்கு பிடுங்கும்போது மண்ணைக் கிளறிவிடுகிறோம். அடுத்து வரும் மழை அந்த மண்ணைக் கரைத்து அருவியில் கொட்டிவிடும். வெள்ளமும் சீக்கிரம் வரும். வறட்சியும் சீக்கிரம் வரும். அன்றைக்கு வந்த வெள்ளம் முழுவதும் மரவள்ளியால் என்று நான் சொல்லமாட்டேன். காட்டாற்றில் வெள்ளம் ஆதிகாலத்திலிருந்தே வருவதுதான். ஆனால் அந்தச் செந்நிறத்தைப் பார்த்த கணத்தில், சாமைச் சோறு போட்ட அம்மாளின் பெருமூச்சு எனக்கு விளங்கியது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? இடுப்பொடியக் குத்தின சாமையை வாங்க நான் வரவில்லை; ஜவ்வரிசியைத்தான் கடையில் கேட்டு வாங்கினேன். மலைக்காரர்கள் நாம் கேட்டதை விளைவிக்கிறார்கள். அருவியின் நிறம் நம் அடுப்படியிலும் தீர்மானமாகிறது.

மாலையில் மறுபடி அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் தலையை ஒரு முறை தடவினார். "போனு போனாப் போகுது. உங்கம்மா உன்னை யாருகிட்ட கேப்பா?" என்றார். பிறகு கொல்லையிலிருந்து ஐந்து கிலோ சாமையைக் கட்டிக் கொடுத்தார். பேரம் பேசுவதையே தொழிலாகக் கொண்ட என் மனைவி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நீங்கள் போகும்போது

மழைக்காலம் தணிந்த பிறகு போவது உத்தமம். கடும் மழை நாட்களில் அருவிக்கு அனுமதி இல்லை. அந்த நாட்களில் வாதாடாமல் கோயிலையும் எட்டுக்கை அம்மனையும் தரிசித்துவிட்டுத் திரும்புங்கள். சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை அந்த அம்மன்தான் என்று மலை மக்கள் சொல்லுவார்கள். அருவிக்குக் காலையிலேயே இறங்கிவிடுங்கள்; பிற்பகலில் நேரம் கடந்தால் இறங்க விடமாட்டார்கள்.

வழுக்காத செருப்பு, குடிதண்ணீர், ஒரு மாற்றுத் துணி போதும். சோப்பும் சீயக்காயும் வேண்டாம். கீழே அதே தண்ணீரை யாரோ குடிக்கப் போகிறார்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இருதய நோயாளிகளும் முழங்கால் வலிக்காரர்களும் மாசிலா அருவிக்கோ நம் அருவிக்கோ போனால் போதும். ஆகாய கங்கையைப் பார்க்காததால் மோட்சம் தவறிவிடாது. நீச்சல் ஆசை உள்ளவர்கள் ஊரில் கிணற்றிலோ குளத்திலோ தீர்த்துக்கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தண்ணீரின் நிறம் மாறினாலும், சருகு வந்தாலும், சத்தம் கனத்தாலும், வானம் நீலமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். விசில் சத்தத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏறுங்கள். போன் எதுவானாலும் கடையில் கிடைக்கும்.

ராசிபுரம் திரும்பிய மறுநாள், வடாம் காயப் போட மொட்டை மாடிக்குப் போன என் மனைவி வெகு நேரம் வரவில்லை. நானும் ஏறிப் போனேன். மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் தலையில் கருமேகம் ஒன்று குந்தியிருந்தது. எங்களுக்கு மேலே நல்ல வெயில்.

"அங்கே இப்போ விசில் ஊதியிருப்பார், இல்லையா?" என்றாள்.

"ஊதியிருப்பார்" என்றேன்.

அன்று எங்கள் வீட்டில் சாமைச் சோறு. பிள்ளை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.